வாடிவீடும் நன்னீர்க் கிணறும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாட் காலை, யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் செல்லும் பஸ் வண்டியில் ஏறிப் பூநகரிக்குப் போயிருந்தேன். சங்குப்பிட்டிப் பாலத்தை வண்டி கடக்கும்போது மேற்கே கடல்நீரேரியின் ஆழங் குறைந்த ஓரத்தில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீண்ட கோடு தெரிந்தது. பூநாரைகள்! வண்டியிலிருந்தோர் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கைப்பேசிகளைத் தூக்கிப் படம் பிடிக்க முனைந்தனர். சாரதியும் இரக்கங்கொண்டு சற்று மெதுவாகவே ஓட்டினார். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்குமிடையே முன்னாளிற் பாதையில் ஏறிக் காத்திருந்து கரை சேர்ந்தவர்களுக்குத் தெரியும், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பாலம் திறந்ததன் அருமை. வழி சுருங்கியது, யாழ்ப்பாணத்தார்க்குப் பூநகரி அடுத்த வீடாயிற்று. அடுத்த வீட்டுக்கு விருந்தினர் வருவதும் இயல்புதானே?

வாடியடிச் சந்தியில் இறங்கியதும் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் காத்திருந்தார். பரம்பரைக் கமக்காரர், எழுபதைத் தாண்டியும் வயலுக்கு இறங்குபவர். கையில் மடித்த காகிதம் ஒன்று. கனடாவிலிருக்கும் அவருடைய மருமகன், அதாவது தமக்கை மகன், அனுப்பிய வரைபடம் அது. தேநீர்க் கடை மேசையில் அதனை விரித்தார். கடலோரமாகவுள்ள குடும்பக் காணியில் இருபது அறைகள். நடுவே நீலநிற நீச்சற் குளம். வாயிலில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரையின் சித்திரம்.

"தம்பி, நீர் பத்திரிகையில எழுதுறனீர். பறவை பாக்க வெளிநாட்டுக்காரர் வருவினமாம். பறவையளையும் காப்பாத்தலாமாம், காசும் உழைக்கலாமாம். இது சரிவருமோ எண்டு சொல்லும்" என்றார்.

உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. "பாக்கலாம் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பார்வையே இந்த வாரத்துக் கட்டுரை.

பூநகரிக்கு விடுதி புதிய சங்கதியன்று. அங்கே பாழடைந்து கிடக்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டில் விரிவுபடுத்தினர். ஆங்கிலேயரோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனுள்ளே வாடிவீடு ஒன்றை அமைத்தனர். 'வாடி' என்னுஞ் சொல் வாடிவீட்டையும் குறிக்கும், கரையோரத்து மீன்வாடியையும் குறிக்கும். இரண்டும் இவ்வூருக்குப் பொருந்துவனவே. அந்தப் பழைய வாடிவீட்டில் தங்கியவர் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தரும் அவருடைய குதிரையும் ஒரு சமையற்காரனுமேயாவர். வாளியில் இறைத்த நீரிற் குளித்து, ஊர்க் கோழியை உண்டு, விளக்கை அணைத்து உறங்கினர். நிலத்துக்கு அவர்களாற் பெருஞ்சுமை இல்லை. இன்று வரவிருக்கும் விருந்தினர் அவ்வாறானவரல்லர். ஷவரின் கீழ்க் கால்மணி நேரம் நிற்பவர். நாள்தோறும் புதுவிரிப்பும் புதுத் துவாயும் வேண்டுபவர். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பணங் கொடுப்பவர் சௌகரியத்தை எதிர்பார்ப்பார். ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், மாணவர்கள் கவனிப்பார்களாக.

பூநகரியின் மேற்குப் பகுதி கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு மணல் நாக்கு. கௌதாரிமுனை, மண்ணித்தலை என்று அதன் நுனிவரை ஊர்கள். ஒரு பக்கம் யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மறுபக்கம் பாக்குநீரிணை. இப்படி மூன்று திக்கும் உப்புநீர் சூழ்ந்த மணலில் கிணறு தோண்டினால் நன்னீர் ஊறுவது விந்தையல்லவா? ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலூடே இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கனங் குறைந்தது. கடல்நீர் கனங் கூடியது. ஆயிரம் பங்கு நன்னீரின் எடைக்கு அதே அளவு கடல்நீரின் எடை ஆயிரத்து இருபத்தைந்து பங்கு. இந்தச் சிறு வேற்றுமையினால், கடல் மட்டத்துக்குமேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். ஒல்லாந்து நாட்டுப் பொறியியலாளர் பாடன் கைபன் என்பவர் 1880-களின் இறுதியிலும், ஜேர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே கண்டு சொன்ன விதி இது. பூநகரியிலே கோட்டை கட்டிக் கிணற்று நீர் பருகிய ஒல்லாந்தருக்கு இது தெரியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் கண்டுபிடித்தார்கள்!

இவ்விதியைத் தலைகீழாக வாசித்தாலே நமக்குத் தேவையான பாடம் தெரியும். மோட்டார் வைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறும். துலாவிட்டு இறைத்த காலத்தில் மனிதனுடைய தோள்வலியே ஓர் அணையாக இருந்தது; தோள் நொந்தால் இறைப்பு நிற்கும். மோட்டாருக்குத் தோள் நோவதில்லை. உவர் ஏறிய கிணற்றை ஓராண்டு மழை திருத்திவிடாது. விடுதிக்காரரின் கிணறு உவர்த்தால் அவர் பவுசர் வண்டியில் தண்ணீர் வாங்குவார். வேலிக்கு அப்பாலுள்ள விதவைத் தாயின் கிணறும் சேர்ந்து உவர்த்தால் அவள் என்ன வாங்குவாள்?

அந்த நீச்சற் குளத்தையும் கணக்குப் பார்த்தேன். நீளம் 12 மீற்றர், அகலம் 6 மீற்றர், ஆழம் ஒன்றரை மீற்றர் என்று கொண்டால் 108 கன மீற்றர். அதாவது ஓர் இலட்சத்து எண்ணாயிரம் லீற்றர். எங்கள் வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறதென்று வைத்துக்கொண்டாலும் 360 லீற்றர் நாள்தோறும் வானத்துக்குப் போகிறது. மறுபுறம், 100 சதுர மீற்றர் கூரை ஒன்றில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஓர் இலட்சம் லீற்றர். வழியிற் சிந்துவதைத் தள்ளினாலும் எண்பதினாயிரம் தேறும். ஆகவே, கூரைதோறும் பீலி கட்டி, நிலத்தடியில் தொட்டி அமைத்து, மாரி மழையைக் கோடைக்குச் சேமிக்கும் விடுதி தன் கிணற்றைப் பெரும்பாலும் தொடாமலே காலந் தள்ளலாம். குளத்தை விட்டுவிட்டால் அது இன்னும் எளிது. கடலை முன்னால் வைத்துக்கொண்டு நீச்சற் குளம் கட்டுவதன் தத்துவம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வாறான அச்சம் எமக்கு மட்டும் உரியதன்று. தம்புள்ளைக்கு அருகே கண்டலம எனும் பழைய குளத்தின் கரையில் விடுதி ஒன்று கட்ட முற்பட்டபோது, 1990-களின் தொடக்கத்தில், அவ்வூர்க் கமக்காரரும் பௌத்த குருமாரும் பெருந்திரளாக எதிர்த்தனர். தங்கள் வயலுக்கும் குடிக்கும் பயன்படும் குளம் மாசுபடும் என்பது அவர்கள் முறையீடு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அதனைச் சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் அமைக்க விரும்பாது, தொலைவிலுள்ள மலைச்சரிவுக்கு மாற்றியவர். பாறையை உடைத்துச் சமப்படுத்தாமல், தூண்களின்மேல் கட்டடத்தை நிறுத்தி, மழைநீர் அடியால் ஓடிக் குளஞ் சேர வழிவிட்டார். கொடிகள் படர்ந்து கட்டடமே மறைந்துபோகும்படி விட்டார். கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குப் பாய்கிறது. 1994-இல் திறக்கப்பட்ட அந்தக் கண்டலம விடுதி பின்னர் அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகத்தின் சான்றிதழையும் பெற்றது. எனக்கென்னவோ அந்தச் சான்றிதழில் ஒரு பங்கு, அன்று வீதியில் இறங்கிக் கூச்சலிட்ட ஊராருக்கும் சேரவேண்டும் என்றே தோன்றுகிறது. அவர்கள் கேட்டிராவிட்டால் அத்தனை கவனம் பிறந்திருக்குமா?

சிகிரியாவுக்கு அண்மையில் இன்னொன்று உண்டு. 'வில் உயன' என்பது பெயர். கைவிடப்பட்டுக் கிடந்த சேனைப் பயிர் நிலத்தில், கட்டடக் கலைஞர் சுனெலா ஜயவர்த்தனவின் திட்டப்படி, நீர்நிலைகளை வெட்டி, நாணற் சதுப்பும் நெல்வயலும் சிறு காடும் உண்டாக்கி, அவற்றிடையே குடில்களை எழுப்பி, 2006-இல் விருந்தினருக்குத் திறந்தார்கள். நீர் வந்தது, பின்னால் பறவை வந்தது. 2010-ஆம் ஆண்டில் அங்கே பணிபுரிந்த இயற்கை ஆர்வலர் ஒருவர் விடுதி வளவிலேயே தேவாங்கு வாழ்வதைக் கண்டார். திருதிருவென்று விழிப்பவனைத் 'தேவாங்குபோல் முழிக்கிறான்' என்று ஏசுவது எங்கள் வழக்கம். அந்தப் பெரிய கண்களே அதற்கு ஆபத்து. வெள்ளை விளக்கை முகத்தில் அடித்தால் கண் கூசித் துன்புறும். ஆகவே சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பயன்படுத்தி, தொகை குறைத்து, பழகிய வழிகாட்டியுடன் இரவில் அழைத்துச் செல்கிறார்கள். வளவில் ஒரு பகுதி தேவாங்குக்கென்றே ஒதுக்கப்பட்டது. பார்க்க வருவோர் செலுத்தும் பணத்திலிருந்து காப்பு வேலை நடக்கிறது. ஏச்சுச் சொல்லாயிருந்த பிராணி, ஒரு விடுதியின் கௌரவப் பொருளாயிற்று!

பூநகரியிலும் இது நடவாதா? நடக்கலாம், ஆனால் இங்கே காடு உண்டாக்க வேண்டியதில்லை, உள்ளதைக் கெடுக்காதிருந்தாற் போதும். கௌதாரிமுனை என்ற பெயரே ஒரு பறவையின் பெயர். இலங்கையில் கௌதாரி எங்கும் காணப்படுவதன்று. வடக்கினதும் வடமேற்கினதும் வறண்ட கரையோரங்களிலேதான் அது கூவும். புல்லடியில், நிலத்திலேயே முட்டையிடுவது. ஆட்காட்டியும் அப்படியே. உப்புத்தரையில் முட்டையிடும் சிறு கரைப்பறவைகளும் அப்படியே. இவற்றுக்குப் பகை வேட்டைக்காரனைவிட விடுதியின் பின்வாசல்தான். சமையலறை எச்சிலைத் திறந்த குழியிற் கொட்டினால் முதலில் காகம் வரும், பின் தெருநாய் வரும், இரண்டும் பெருகும். எச்சில் இல்லாத நாளில் அவை பசித்திருக்குமா? புல்லடியைத் துழாவும். ஒரே பருவத்தில் ஒரு கரையின் முட்டைகள் அனைத்தும் போய்விடக்கூடும். வாயிலிலே பறவைச் சித்திரம் வைத்து, பின்வாசலிலே பறவையைக் கொல்லும் விடுதி எத்தனை! எச்சிலை மூடிய குழியில் இட்டு எருவாக்குவதற்குப் பெரிய மூலதனம் எதுவும் தேவையில்லை. ஒரு மூடியும் ஓர் ஒழுங்கும் போதும்.

பூநாரைக்கு வேண்டியது வேறு. தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடித்து, அதிலுள்ள பாசியையும் நுண்ணிய பிராணிகளையும் உண்பது அது. அதன் செந்நிறமும் அவ்வுணவாலேயே வருகிறது. ஓயாமல் உண்டாற்றான் அதற்குக் கட்டும். கிட்டப் போய்ப் படம் பிடிப்பதற்காக வள்ளத்திலோ மோட்டார் சைக்கிளிலோ துரத்தினால் கூட்டமாக எழும்பும், பார்க்க அழகுதான், ஆனால் எழும்பும் ஒவ்வொரு தடவையும் அது உண்ட உணவு வீணாகிறது. வலசை வரும் ஏனைய பறவைகளோ நம்பமுடியாத தூரத்தைக் கடந்து வருவன. மன்னாரில் 2021-இல் சிறு கருவி பொருத்தி விடப்பட்ட 'மேகா' என்னும் கடற்காகம் ருஷ்யாவின் வடதுருவக் கரையிலுள்ள யமால் குடாநாட்டுக்குப் போய் மன்னாருக்கே மீண்டது. பயணம் சுமார் 19,000 கிலோமீற்றர். இத்தனை வழி வந்த விருந்தாளியைக் கைப்பேசிப் படத்துக்காகக் கலைப்பது தமிழ்ப் பண்பாகுமா? தொலைவிலே ஓலைத் தட்டி மறைப்புக் கட்டி, நல்ல தூரதரிசனிக் கண்ணாடி ஒன்றை வைத்து, ஊர்ப் பையன் ஒருவனுக்குப் பறவையின் பெயர்களைக் கற்பித்து அங்கே நிறுத்தினால் போதும். இரவிலே கடலை நோக்கிய பெருவிளக்குகளை அணைத்துவிடவும் வேண்டும். இரவில் பறக்கும் பறவைகளை அவை திசை மயக்கும்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மன்னாரிலும் பூநகரியிலும் பெருங் காற்றாலைகள் நிறுவுவதற்கு இந்திய நிறுவனம் ஒன்று வகுத்திருந்த திட்டத்தைப் பற்றிப் பறவைகளின் பெயரால் ஆண்டுக்கணக்காக வாதிட்டோம். 2025 பெப்ரவரியில் அந்நிறுவனமே விலகிக்கொண்டது. வாதிட்டது நல்லதே. ஆனால் காற்றாலை வானளாவ நிற்பதால் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. பத்து அறை விடுதியின் மோட்டாரும் எச்சிற்குழியும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பத்து விடுதிகள் வந்தபின் கேட்பதில் என்ன பயன்?

இனி அடுக்களை. பூநகரி என்றதும் பழையவர்களுக்கு நாவூறுவது மொட்டைக்கறுப்பன் அரிசி. மானாவாரியாக, மாரி மழையை நம்பி, பெரும்போகத்தில் விளையும் சிவப்பரிசி; கரையோரத்து உவருக்கு எளிதில் அஞ்சாதது. விளைச்சல் குறைவென்பதால் பலர் கைவிட்டு வருகிறார்கள். விடுதிக்காரர் தம் விருந்தினருக்கு எங்கிருந்தோ வரும் வெள்ளை அரிசியைப் போடாமல், ஊர்க் கமக்காரரிடமே மொட்டைக்கறுப்பனை நியாய விலைக்கு முன்கூட்டிப் பேசி வாங்குவாராயின், அந்த வயல் வயலாகவே இருக்கும். வயல் வயலாக இருந்தால் மழைநீர் அதிலே தங்கி நிலத்துள் இறங்கும். அறுவடைக்குப்பின் கொக்கும் நாரையும் அங்கே இறங்கும். ஒரு கோப்பை சோறு மூவருக்கு உதவுவதை இங்கே பார்க்கிறோம். ஒடியற் கூழும் நண்டுக் குழம்பும் பனாட்டும் கொடுத்தால் எந்த நாட்டு விருந்தினர் வேண்டாமென்பார்? தாழ்ந்த கூரைக்குப் பனையோலை வேய்ந்தால் குளிரூட்டும் யந்திரத்தின் வேலை குறையும். ஓலை பின்னுகிற பெண்களுக்குக் கூலியும் கிடைக்கும்.

இவையெல்லாம் செய்துவிட்டாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: விடுதி யாருடையது? கென்யா நாட்டிலே, லைக்கிப்பியா என்னும் வறண்ட மேட்டுநிலத்தில், மஸாய் இடையர் சமூகம் ஒன்று 1996-இல் ஒரு சிறு விடுதியைத் திறந்தது. 'இல் இங்குவேசி' என்பது பெயர். 'வனவிலங்குகளின் மக்கள்' என்று பொருள் சொல்வார்கள். நிலமும் விடுதியும் அச்சமூகத்துக்கே பொதுவுடைமை, பணிபுரிவோரும் அவர்களே. வருமானம் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியத்துக்கும் போகிறது. விலங்கு இருந்தால் விருந்தினர் வருவர், விருந்தினர் வந்தால் பிள்ளை படிப்பான் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கண்கூடாகத் தெரிந்ததால், காவலாளி இல்லாத இடத்திலும் காவல் இருந்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 2002-இல் அவர்களுக்கு விருதளித்தது. இலாபம் முழுதும் கொழும்புக்கோ ரொறன்ரோவுக்கோ போகும் விடுதியிலிருந்து இத்தகைய காவல் பிறக்குமென்று எதிர்பார்க்க முடியாது. பூநகரி மக்கள் போரினால் ஓடி, 2008-க்குப் பின் காணி பூமி பாழாய்க் கிடக்கக் கண்டு, திரும்பிவந்து கிணறு இறைத்துத் துப்புரவு செய்து குடியேறியவர்கள். அவர்களை வாயிற்காவலுக்கும் தட்டுக் கழுவுதற்கும் மாத்திரம் அழைப்பது நியாயமன்று.

மத்தியானம் கடந்தபின் பெரியவரிடம் இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். அவர் இடைமறிக்காமற் கேட்டார். நீச்சற் குளத்தின் கணக்கைச் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

"அப்ப கட்டவேண்டாம் எண்டுறீரோ?"

"இல்லை ஐயா. இருபது அறையை ஆறாக்குங்கோ. குளம் வேண்டாம், மழைத்தொட்டி முதலில், அறைகள் பிறகு. அக்கம்பக்கத்தாரையும் பங்காளராகச் சேருங்கோ. அதுக்கும் முன்னால் கிணற்றை அளவுங்கோ."

"கிணத்தை அளக்க என்ன கிடக்கு, தம்பி? இப்ப மாரி முடிஞ்ச கையோட எந்தக் கிணறும் நிறைஞ்சுதான் கிடக்கும்."

அவர் சொன்னது மெத்தச் சரி. தை மாதத்துக் கிணற்றைப் பார்த்து விடுதி கட்டியவர்கள் பலர். ஆவணி மாதத்துக் கிணற்றைப் பார்த்தவர் சிலர்.

வரைபடத்தை மடித்து மடியிற் செருகிக்கொண்டு என்னைத் தம் வளவுக்கு அழைத்துச் சென்றார். துலா இல்லை, போரிற் போயிற்று. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். பின் ஒரு வாய் நீரை அள்ளிச் சுவைத்து, எனக்கும் ஊற்றினார். இனித்தது.

"இந்தக் கயிறு இஞ்சதான் தொங்கும். ஆவணியில இன்னொரு முடிச்சுப் போடுவன். அந்த ரெண்டு முடிச்சையும் பாத்திட்டு மருமோனுக்கு எழுதுவம்" என்றார் பெரியவர்.

மன்னாரிலிருந்து வந்த பஸ்ஸின் ஊதல் சந்தியில் கேட்டது. ஆவணியில் வருவதாகச் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினேன்.